வாசகர் கேள்வி: பிஸ்கட், பற்றாசு, சலங்கை

சாட்ஸ்வர்த் வாசகி: எங்கள் பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்தில் நாய் வாசல் வழியாக வந்து, பாட்டியின் கட்டிலருகே நின்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்கிறது. கேமராவை வைத்தால் எதுவும் நடப்பதில்லை. ஏன்?

நாய் கட்டளையை மட்டும் தனியாகக் கற்பதில்லை. கற்ற இடத்தோடு சேர்த்தே கற்கிறது. உங்கள் சமையலறையில் "நில்" என்றால் அதற்குப் புரியும். விளக்குகளும் ஏழெட்டுப் புதிய ஆட்களும் இருக்கும் அறையில் அதே சொல் அதற்குப் புதிய சொல். ஒரே வித்தையை நான்கைந்து இடங்களில் மறுபடி முதலிலிருந்து கற்பித்த பிறகே படப்பிடிப்பு இடத்துக்குக் கூட்டிப் போகவும்.

முதலில் கிளிக்கரின் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கைக்கருவி) ஒலிக்குப் பொருள் ஏற்றுங்கள். ஒரு கிளிக், உடனே பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு. 15, 20 முறை போதும். பிறகு 30 செ.மீ. சதுரப் பாயைத் தரையில் போட்டு, கால் பட்டதும் கிளிக், தீனி. தானாகவே ஓடிப்போய் அதன்மேல் நிற்கத் தொடங்கியதும் பாயைப் பாதியாக வெட்டுங்கள், பிறகு கால்வாசி. கடைசியில் உள்ளங்கையளவு துண்டு, அறைத் தரையின் நிறத்திலேயே. கேமராவுக்கு அது தெரியாது, நாய்க்குத் தெரியும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. கொடுத்த தீனியை ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் நடிக்காது.

தூரம், நேரம், இடைஞ்சல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வெகு தூரத்திலிருந்து வரச் சொல்லும் நாளில் இரண்டே நொடி நின்றால் போதும். நிற்கும் நேரத்தையும் ஏறுவரிசையிலேயே கூட்டாமல் 2, 5, 3, 7 நொடி என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். எப்போதும் கடினமாகிக்கொண்டே போனால் நாய் எழுந்து போய்விடும்.

பாட்டியைப் பார்ப்பதற்கு இரண்டு வழி. பாட்டியாக நடிப்பவரே ஒரு வாரம் அதற்குத் தீனி ஊட்டலாம். முடியாதென்றால் பழக்குபவர் தலையணைக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். நாய் அவரைப் பார்ப்பது படத்தில் பாட்டியைப் பார்ப்பதாகவே விழும். வாயால் கூப்பிட்டால் ஒலிப்பதிவு கெடும், ஆகையால் எல்லாவற்றையும் கைச்சாடையில் பழக்குங்கள்.

மைக்கின் மேல் ரோமப் போர்வை மாட்டுவார்கள். நாய்க்கு அது அந்தரத்தில் மிதக்கும் பூனை! இரண்டு நாள் முன்பே அதைத் தரையில் வைத்து முகரவிடுங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் நாய் நடையே மாறும், பாய் விரியுங்கள். ஐந்தாறு டேக்குக்கு மேல் கேட்காதீர்கள். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் மூச்சிரைத்தும் நாயின் உடல் ஆறாது. காலை ஆறு, ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரைக்கும் சத்தமும் மைக்கில் விழாது.

அதே பகுதியிலிருந்து இன்னொருவர்: கொல்லைப்புறத்துக்குத் தினமும் வெர்வெட் குரங்குகள் வருகின்றன. ஒன்றைப் பிடித்துப் பழக்கி நடிக்க வைக்கலாமா?

கூடாது. எசெம்வெலோ என்னும் மாகாண வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். குட்டியில் கொஞ்சும், பெரிதானதும் கடிக்கும். அதன் கோரைப்பல்லை ஒருமுறை பார்த்தால் ஆசை போய்விடும். பழம் காட்டி வரவழைக்கவும் வேண்டாம், நாளைக்குப் பக்கத்து வீட்டுச் சமையலறையில்தான் நிற்கும்.

வீட்டு நாயானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக விலங்கைப் பழக்க உரிமம் கேட்கும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் 1935 முதல் இருக்கிறது. மாஜிஸ்திரேட் உரிமம் கொடுத்த ஏற்பாட்டை அரசியல் சட்ட நீதிமன்றம் 2013-இல் செல்லாதென்றது. 2016 திருத்தம் அந்த வேலையைத் தனி உரிம அதிகாரியிடம் கொடுத்தது. பிள்ளைகளின் படம் இதில் வருமா என்று எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) கிளையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டோங்காட் வாசகர்: வெள்ளிச் சங்கிலி செய்து பார்க்கிறேன். பற்றாசு (இணைப்பை உருகி ஒட்டும் உலோகம்) உருண்டு நிற்கிறது, இல்லாவிட்டால் வளையமே உருகிவிடுகிறது. 45 செ.மீ. சங்கிலிக்குக் கம்பி எவ்வளவு வாங்க வேண்டும்?

0.8 மி.மீ. கம்பி, உள்விட்டம் 3 மி.மீ. வளையம் என்று வைத்துக்கொள்வோம். 3-உம் 0.8-உம் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் ஒரு வளையத்துக்கு 12 மி.மீ. சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் தன் உள்விட்டமான 3 மி.மீ. நீளமே தரும். ஆக 150 வளையம், 1.8 மீட்டர். வாள் தின்னும் சேதத்தையும் சேர்த்து 2 மீட்டர் வாங்குங்கள். 925 வெள்ளியில் (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) அது ஏறக்குறைய பத்தரை கிராம்.

பற்றாசு உருளுவதற்குக் காரணம், நெருப்பைப் பற்றாசின் மேல் காட்டுவது. வளையத்தைச் சுட வேண்டும். எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கம்தான் பற்றாசு ஓடும். இணைப்பில் இடைவெளி இருந்தாலும், கைப்பிசுக்கு இருந்தாலும், இணைப்பில் பூசும் வெண்காரம் கருகிப் போயிருந்தாலும் ஓடாது. கட்டிங் குறடால் வெட்டினால் முனை கூர்ந்து நிற்கும், இரண்டு முனையும் பொருந்தாது. கம்பியைச் சுற்றிய சுருளை 4/0 என்ற மெல்லிய வாளால் அறுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இணைப்பில் கீற்றுத் தெரிந்தால் அது ஒட்டாது.

வளையம் உருகுவது சூட்டுக் கணக்கு. 925 வெள்ளி 802 டிகிரியில் இளகத் தொடங்கும். கடினப் பற்றாசு ஓடுவது 775-ஐ ஒட்டி. நடுவில் முப்பது டிகிரிகூட இல்லை. 720-ஐ ஒட்டி ஓடும் எளிய பற்றாசில் கை பழகிய பிறகு மேலே போங்கள். மங்கிய அறையில் வேலை செய்யுங்கள், பளீரென்ற வெயிலில் உலோகம் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. பற்றாசு மின்னி ஓடிய அந்த நொடியே நெருப்பை எடுத்துவிடவும்.

75 வளையங்களை முதலில் தனித்தனியே ஒட்டிவிடுங்கள். மற்ற 75-ஐக் கொண்டு அவற்றைக் கோத்தால், பக்கத்து இணைப்புக்குச் சூடு போகிற தொல்லை பாதியாகும். கருப்பு நீங்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம். இரும்புக் குறடை அதற்குள் விட்டால் வெள்ளி செம்பு நிறமாகிவிடும், மூங்கில் இடுக்கி போதும். முடித்த சங்கிலியை ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள், கந்தகத்தில் கறுக்கும்.

ஃபீனிக்ஸ் வாசகி: பாட்டியின் தாலியை வீட்டிலேயே உருக்கிக் கம்மல் செய்யலாமா?

வேண்டாம். நகையாக வைத்திருக்கும்வரை அது உங்களுடையது. உருக்கினால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டிய உலோகம் ஆகிவிடும். உரிமம் உள்ள பத்தரிடம் கொடுத்து, முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள்.

வெருலம் வாசகர்: படத்தில் வரும் ஆட்டுக்குச் சலங்கைப் பட்டை செய்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். உள்பக்கம் முழுக்கத் தோல், கம்பி முனை எதுவும் தொடக் கூடாது. படமெடுக்கும்போது சலங்கைக்குள் பஞ்சை அடைத்துவிட்டு, ஒலியைத் தனியாகப் பதியுங்கள். முதல் நாள் பட்டையைத் தீவனத்தின் பக்கத்தில் மட்டும் வையுங்கள், அடுத்த நாள் இரண்டு நிமிடம் கட்டுங்கள், பிறகு பத்து நிமிடம்.

கொக்கிக்குப் பக்கத்து வளையத்தை மட்டும் ஒட்டாமல், மெல்லிய கம்பியில் வெறுமனே மூடிவிடுங்கள். ஆடு வேலியில் மாட்டித் திமிறினால் அது திறந்து பட்டை கழன்று விழ வேண்டும். கட்டுவதற்கு முன் கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் இன்னும் மெல்லிய கம்பியாக மாற்றுங்கள்.