மாட்டுக்கு ஏற்ற புல் குதிரைக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

வாசகர் கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். ஹொசக்கோட்டை அருகே சிறு தோட்டமும் நான்கு பசுக்களும் இருக்கின்றன. மகள் குதிரையேற்றம் கற்றுவருவதால், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏழு வயதுத் தரோபிரெட் இனப் பெண் குதிரை ஒன்றை ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கித் தோட்டத்தில் வைத்திருக்கிறோம். பசுக்களுக்கு வெட்டும் நேப்பியர் புல்லில் தினம் 20 கிலோ, கோதுமைத் தவிடு 3 கிலோ, வேகவைத்த கொள்ளு 1 கிலோ போடுகிறோம். ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது, மரக்கதவைக் கடிக்கிறது. ஒரு மாதமாக, ஒரு நாள் முன்னங்காலையும் இன்னொரு நாள் பின்னங்காலையும் தாங்கித் தாங்கி நடக்கிறது. லாடம் மாற்றி அடித்தும் பயனில்லை. தீனியைக் கூட்டலாமா? மார்வாரிக் குதிரை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்று நண்பர் சொல்வது சரியா? டிசம்பர் விடுமுறையில் மகள் அதில் ஏறலாமா?

பதில்: உங்கள் குதிரைக்குத் தீனி போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் இப்போது போடுவதையே கூட்டிப் போட்டால் தொல்லையும் கூடும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பொருள்களில் இரண்டு, அதாவது நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும், சேர்ந்து குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இறக்கிவிடக் கூடியவை. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்றாலும், கால் மாறி மாறி வரும் நொண்டல், மெலிவு, இந்தத் தீனியில் கழிந்த ஐந்து மாதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த ஐயமே. எனவே மருத்துவர் வந்து பார்க்கும்வரை யாரையும் அதன் முதுகில் ஏறவிட வேண்டாம்.

நேப்பியர் நல்ல புல்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகளைப் பால்மாடு வைத்திருப்பவர்கள் விரும்பி நடுவதற்குத் தக்க காரணம் உண்டு: வெட்ட வெட்டத் தழைக்கும், மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் அந்தப் புல்லில் ஆக்ஸலேட் என்னும் பொருள் மிகுதியாக இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத ஒன்றாக மாற்றிவிடும். பழகிய மாட்டின் அசைபோடும் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடுவதால், சுண்ணாம்பு விடுபட்டுக் குடலில் உறிஞ்சப்படுகிறது. குதிரை அசைபோடும் பிராணி அன்று. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதற்குச் சிறுகுடலைத் தாண்டிய பெருங்குடற்பையிலும் பெருங்குடலிலுமே வாழ்கின்றன. சுண்ணாம்பை உறிஞ்ச வேண்டிய சிறுகுடலைத் தீனி அதற்கு முன்பே கடந்துவிடுவதால், புல்லில் சுண்ணாம்பு இருந்தும் அது உடம்பில் சேராமல் லத்தியோடு போய்விடுகிறது. கினியா புல்லுக்கும் கிக்குயு புல்லுக்கும் இதே குறை உண்டு.

தவிடு இதே குறையை வேறு வழியில் வளர்க்கிறது. குதிரையின் தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் சுண்ணாம்பு ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருப்பது நல்லது. ஒரு பங்குக்குக் கீழே அது இறங்கவே கூடாது. கோதுமைத் தவிட்டிலோ பாஸ்பரஸ் சுண்ணாம்பைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. நீங்கள் போடும் 3 கிலோ தவிட்டில் மட்டும் 30 கிராமுக்கு மேல் பாஸ்பரஸும் சுமார் 4 கிராம் சுண்ணாம்பும் இருக்கும். வேலை செய்யாமல் நிற்கும் 440 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 12 கிராம் பாஸ்பரஸும் 17 அல்லது 18 கிராம் சுண்ணாம்பும்தான். மிகுந்துபோன பாஸ்பரஸ், கிடைக்கிற கொஞ்சம் சுண்ணாம்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது.

இதயமும் தசைகளும் இயங்க ரத்தத்தில் சுண்ணாம்பு குறிப்பிட்ட அளவு இருந்தே ஆக வேண்டும். அது குறையத் தொடங்கியதும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கின்றன. மாதக்கணக்கில் இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் எலும்பு பஞ்சுபோல் ஆகி, அந்த இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்களும் மூட்டுகளும் வலிக்கின்றன. நொண்டல் ஒரே காலில் நிற்காமல் இடம் மாறுவது இதனால்தான். லாடத்தை மாற்றிப் பயன் கிடைக்காததும் இதனால்தான். மாவு மில்லுக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு வளர்த்த காலத்தில் அவற்றுக்கு இந்நோய் வந்ததால், இதற்கு மில்லுக்காரர் நோய், தவிட்டு நோய் என்ற பெயர்கள் மேலைநாடுகளில் ஏற்பட்டன. தலை வீங்குவதால் பெரிய தலை நோய் என்றும் சொல்வார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஆனேக்கல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இப்படிப்பட்ட ஒரு குதிரையைப் பார்த்தேன். உரிமையாளர் அன்பான மனிதர். "உடம்பு இளைத்தாலும் முகம் பூசினாற்போல் அழகாகத்தான் இருக்கிறது, டாக்டர்" என்றார். அந்தப் பூசினாற்போன்ற முகம்தான் நோயின் அடையாளம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. அன்றிலிருந்து மெலிந்த குதிரை எதைப் பார்த்தாலும், விலாவைத் தொடுவதற்கு முன் முகத்தைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

நீங்களும் இன்றே தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மூக்கை நோக்கி ஒரு எலும்பு முகடு ஓடும். நலமான தரோபிரெட்டில் அது வரப்பு போல விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும். முகடு மழுங்கி, அதன் மேலும் கீழும் இருபுறமும் ஒரே மாதிரி மேடாக இருந்தால், அல்லது கீழ்த்தாடை எலும்பு தடித்திருந்தால், அதைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். வீக்கம் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நொண்டலும் மெலிவும் அதற்கு முன்பே வரக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்பு அளவு சரியாக இருப்பதைக் கண்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எலும்பைக் கரைத்தாவது அந்த அளவை உடம்பு காப்பாற்றி வைத்திருக்கும். சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனையே இங்கே கூடுதலாக உதவும். உங்கள் பகுதிக்கு வருபவர் பெரும்பாலும் மாடுகளையே பார்ப்பவர் என்றால், ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

இனி அளவு. தையற்காரர் பயன்படுத்தும் நாடாவால், பிடரி மயிர் முடிவடையும் மேட்டுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்தின் கடைசி முனை வரை இன்னொரு அளவும் சென்டிமீட்டரில் எடுங்கள். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீள அளவால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். நெஞ்சளவு 180, நீளம் 160 என்றால் எடை சுமார் 436 கிலோ. இந்தக் குதிரை ஈரப்பதம் நீங்கிய கணக்கில் தினமும் தன் எடையில் 2 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 8.7 கிலோ புல் தின்ன வேண்டும். ஒன்றரைச் சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது. பச்சை நேப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கண்ணுக்கு 20 கிலோவாகத் தெரியும் அந்தக் கட்டில் உண்மையான தீனி சுமார் 4 கிலோதான். தேவையில் பாதிகூட இல்லை.

கதவைக் கடிப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. மனித வயிற்றில் உணவு வந்தால்தான் அமிலம் பெருகும். குதிரையின் வயிற்றிலோ தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது உமிழ்நீர். அந்த உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ தானியத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். தொட்டி காலியாகி மணிக்கணக்கில் நிற்கும் குதிரைக்கு வயிற்றின் மேற்பகுதியில் புண் உண்டாகிறது. பந்தயத்துக்குத் தயாராகும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு என்பதால், உங்களுடையது அதைக் கூடவே கொண்டு வந்திருக்கவும் கூடும். மேல் பற்களை மரத்தில் ஊன்றி, கழுத்தை வளைத்து, ஒரு முனகலோடு காற்றை இழுக்கிறதா, அல்லது சும்மா மரத்தைச் செதுக்கித் தின்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலாவது, பழகிப்போன பழக்கம்; தீனியைத் திருத்தினாலும் முழுதாக விடாமல் போகலாம். இரண்டாவது, பசியாலோ நார்த்தீனி பற்றாமையாலோ வருவது, பெரும்பாலும் குறைந்துவிடும்.

உங்கள் குதிரைக்கு நான் பரிந்துரைப்பது இது. ஓட்ஸ் உலர்புல் அல்லது ரோட்ஸ் உலர்புல் 7 கிலோ, குதிரைமசால் உலர்புல் 2 கிலோ, வேகவைத்த கொள்ளு 1 கிலோ, ஓட்ஸ் 1 கிலோ, கல்லுப்பைப் பொடித்தது 30 கிராம். ரேஸ்கோர்ஸ் லாயங்களில் ஹரியாலி என்று குதிரைக்காரர்கள் சொல்லும் புல் நம் அருகம்புல்தான். அதில் ஆக்ஸலேட் குறைவு என்பதால், சாக்கடை நீர் பாயாத இடத்தில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். லூசர்ன் என்று கடையில் விற்கும் குதிரைமசாலில் சுண்ணாம்பு பாஸ்பரஸைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். அது 2 கிலோ சேர்ந்தாலே சுமார் 25 கிராம் சுண்ணாம்பு வந்துவிடும். தவிட்டை அறவே நிறுத்திவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தனியாக எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் மருத்துவர் முடிவுசெய்யட்டும். கொள்ளும் ஓட்ஸும் மூன்று வேளையாகப் பிரித்துப் போடப்பட வேண்டும். காலையில் வேகவைத்த கொள்ளு மாலைக்குள் புளித்துவிடும். அதை வைத்திருந்து போடாதீர்கள். நெல் வைக்கோலில் சத்தும் குறைவு, ஆக்ஸலேட்டும் உண்டு. விலை மலிவு என்று அதற்குப் போக வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. குடல் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். பழையதைக் குறைத்துக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்பட்டால் வயிற்றுவலி வரும். வயிற்றுவலி வந்த குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பையின் வாய் அவ்வளவு இறுக்கமானது. காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, லத்தி போடாதது ஆகியவற்றைக் கண்டால் தீனியை எடுத்துவிட்டு, தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக நிற்கும்போது 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. 60ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

மாட்டுக் கொட்டகையில் இருக்கும் இன்னும் இரண்டு பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பசுக்களுக்கு உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் அடிக்கவே கூடாது. அது குடலின் இயக்கத்தை நிறுத்திக் கடும் அடைப்பை உண்டாக்கும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து, மாட்டுக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத்தசையை அழித்துவிடும். தீவன மூட்டைகள் வேறு அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்.

மெலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், பற்களில் கூர்முனைகள் ராவப்பட்டுள்ளனவா, குடற்புழு இருக்கிறதா, விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும் சர்ரா நோய்க்கு ரத்தம் பார்க்கப்பட்டதா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. நுனி உள்நோக்கி வளைந்த காதுகளை உடைய மார்வாரியும் கத்தியவாரியும் வறண்ட நிலத்தில் வளர்ந்த இனங்கள். தரோபிரெட்டைவிடக் குறைந்த தீனியில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் குடலின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. இதே புல்லையும் தவிட்டையும் போட்டிருந்தால் மார்வாரிக்கும் இதே எலும்பு நோய்தான் வந்திருக்கும்; விலா தெரிவது மட்டும் சற்றுத் தாமதமாகியிருக்கும்.

டிசம்பருக்கு மகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்நோய்தான் என்று உறுதியானால், நொண்டல் சில வாரங்களில் குறையத் தொடங்கினாலும் எலும்பு திரும்ப உறுதிப்படப் பல மாதங்கள் செல்லும். வலி போன குதிரையின் எலும்பு இன்னும் வலுவிழந்தே இருக்கும் அந்த இடைக்காலத்தில் ஏறினால், முறிவு ஏற்பட்டு இருவருக்கும் ஆபத்தாக முடியலாம். அதுவரை மகள் கயிற்றைப் பிடித்து மண்தரையில் மெல்ல நடத்திக்கொண்டு போகட்டும்; குளம்பைச் சுத்தம் செய்யக் கற்கட்டும்; 15 நாளுக்கு ஒரு முறை, காலைத் தீனிக்கு முன், நாடாவால் நெஞ்சளவு எடுத்து நோட்டில் தேதியோடு எழுதட்டும். மருத்துவர் அடுத்த முறை வரும்போது சேணம் பற்றிய கேள்விக்கு முன்னால் அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள்.