பக்கத்து லோரோங்கில் இருக்கிறது, எங்களுக்கு இல்லை

இணையம், தொலைபேசி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தொலைபேசி இலாகா காலத்தில் கம்பம் ஏறத் தொடங்கி இன்று பணி ஓய்வில் இருக்கும் கோலாலம்பூர் செந்தூல்வாசி ஒருவர் பதில் சொல்கிறார்.

பக்கத்து லோரோங்கில் (சந்தில்) எல்லார் வீட்டிலும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணையம். எங்கள் வரிசைக்கு மட்டும் கேட்கும்போதெல்லாம் “போர்ட் ஃபுல்” என்கிறார்கள். கம்பமோ எங்கள் வாசலில்தான் நிற்கிறது. இது என்ன கணக்கு?
– வாசகி, பிறை, பினாங்கு

அம்மா, அந்தக் கம்பத்தை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி தெரியும். அதில் பெரும்பாலும் எட்டு வாய்தான், வீட்டுக்கு ஒன்று. எட்டும் போய்விட்டால் ஒன்பதாவது வீட்டுக்கு இன்னொரு பெட்டி மாட்ட வேண்டும், அதற்குப் பின்னாலிருந்து புதிய இழை இழுத்து வர வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காக யாரும் லாரியை அனுப்ப மாட்டார்கள். நான் பார்த்த கூத்து இன்னொன்று உண்டு: வீட்டைக் காலி செய்து போனவரின் கணக்கு மூடியாயிற்று, அவருடைய கம்பி மட்டும் பெட்டியில் இடம் பிடித்துக்கொண்டு தொங்கும். கம்ப்யூட்டரில் பார்க்கிறவருக்கு அது “ஃபுல்”.

உங்கள் வீடு அரசாங்கக் கணக்கில் ஏற்கெனவே ஃபைபர் கிடைத்த வீடாக இருக்கவும் கூடும். 2008இல் அதிவேக பிராட்பேண்ட் திட்டம் கையெழுத்தானபோது மொத்தச் செலவு 1,130 கோடி வெள்ளி (ரிங்கிட்), அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி. இலக்கு 13 லட்சம் வீடுகளும் கடைகளும். கேபிள் வாசலைத் தாண்டிப் போனாலே அந்தக் கட்டடம் கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளே மோடத்தில் விளக்கு எரிகிறதா என்பது வேறு கணக்கு. 2020இல் வந்த ஜெண்டேலா என்ற தேசிய இணையக் கட்டமைப்புத் திட்டமும் 75 லட்சம் கட்டடங்கள் என்ற இலக்கை இதே முறையில்தான் எண்ணியது.

உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) புதியது, கம்பத்துக்கு வரும் கேபிள் மண்ணுக்கு அடியில் போகிறது என்றால் சிக்கல் இன்னும் கூடும். குழாயில் சேறு அடைத்திருக்கும், வேர் புகுந்திருக்கும், தோண்டித்தான் ஆக வேண்டும். நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் தகவல் தொடர்பு மத்திய அரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். திட்டத்தைப் புத்ராஜெயா அறிவிக்கும். உங்கள் வாசல் தாரை வெட்ட செபராங் பிறை மாநகர் மன்றம் அனுமதி தர வேண்டும். பொதுப்பணி இலாகா சாலை குறுக்கே வந்தால் அங்கேயும் ஒரு மனு, ஒரு முன்பணம். கண்ணாடி இழை மலிவுதான் அம்மா. தோண்டுவதும் திரும்ப மூடுவதும் கையெழுத்துக்குக் காத்திருப்பதும்தான் காசைத் தின்கிறது.

இனி தனியாகப் போன் அடிக்காதீர்கள். வரிசையில் எத்தனை வீட்டுக்கு வேண்டுமோ அத்தனை பேரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள். கம்பத்துப் பெட்டியில் ஓர் எண் இருக்கும், அதைக் கைப்பேசியில் படம் எடுத்து இணையுங்கள். நிறுவனம் அசையாவிட்டால் அதே கடிதத்தைத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு, அதாவது எம்.சி.எம்.சி.க்கு, அனுப்புங்கள். பெட்டி எண் இல்லாமல் வரும் புகாரை “சோதித்தோம், சரியாக இருக்கிறது” என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள்.

5ஜி வந்துவிட்டதே, இனி கம்பி எதற்கு?
– வாசகர், கிள்ளான்

கோபுரம் எதில் ஓடுகிறது என்று நினைக்கிறீர்கள்? அதன் அடியிலும் அந்தக் கண்ணாடி இழைதான். இழை போகாத இடத்தில் மைக்ரோவேவ் தட்டை வைத்துச் சமாளிப்பார்கள், ஆனால் அந்த வழி சீக்கிரம் நெரிசலாகிவிடும். 2023 முடிவதற்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காடு என்று 5ஜிக்கு இலக்கு வைத்தார்கள். அதுவும் வாழும் பகுதியைத்தான் சொல்கிறது, நிலப்பரப்பை அல்ல. பேராக்கில் ரப்பர் காட்டுக்குள் போய் நின்று கோடு தெரியவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

எங்கள் ஃபிளாட்டில் ஒரே ஒரு நிறுவனம்தான். வேறு நிறுவனத்தை உள்ளே விட நிர்வாகம் மறுக்கிறது.
– வாசகர், செந்தூல்

நம்ம ஊர்க்காரர்! ஒவ்வொரு மாடிக்கும் கேபிள் ஏறிப் போகும் சந்து குடியிருப்போர் எல்லாருக்கும் பொதுவான சொத்து. அதற்கு வாடகை கேட்கும் நிர்வாகமும் உண்டு, சுவரைத் துளைத்துக் கெடுப்பார்கள் என்று பயப்படும் நிர்வாகமும் உண்டு. இரண்டாவது பயத்தில் நியாயம் இருக்கிறது. குத்தகைத் தொழிலாளர்கள் ஓட்டை போட்டுவிட்டு மூடாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தீர்மானம் கொடுங்கள், வேலை முடிந்ததும் சுவரைச் சீர் செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையது என்ற நிபந்தனையையும் சேர்த்து. பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டுப் போட முடியாது, அதை முதலில் கட்டிவிடுங்கள்.

அப்பா அம்மா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். நாடு முழுக்க இணையம் என்கிறார்களே, அங்கே எப்போது வரும்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

தேதி சொன்னால் பொய் சொன்னவனாவேன். தோட்டத்து வீடுகள் இருப்பது கம்பெனி நிலத்தில். அங்கே கம்பம் நட நிறுவனம் கேட்க வேண்டியது மாநகர் மன்றத்தை அல்ல, தோட்ட நிர்வாகத்தை. மெயின் ரோட்டிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இழை இழுத்து நாற்பது வீட்டுக்குக் கொடுத்தால் மாதக் கட்டணத்தில் அந்தச் செலவு திரும்பாது. செம்பனை மரம் அலையையும் உறிஞ்சிவிடும். ஆபீஸ் வாசலில் நான்கு கோடு காட்டும் கைப்பேசி லயத்துக்குள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குள், போனால் ஒன்று காட்டும்.

இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில் கணக்கிட்டு 6 விழுக்காட்டைப் பொதுச் சேவை நிதியில் போட வேண்டும். லாபம் வராத இடங்களில் கோபுரம் எழுப்புவது அதிலிருந்துதான். 2020இல் சபாவில் ஒரு மாணவி அலை தேடி மரத்தில் ஏறிப் பரீட்சை எழுதிய செய்தி நாட்டையே உலுக்கியது. மரம் ஏறாமல் பேசாமல் இருந்த தோட்டங்களை யார் பார்த்தார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அப்பாவைத் தோட்டத் தொழிற்சங்கக் கிளை வழியாக நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால்தான் சட்டமன்ற உறுப்பினரிடம் பேச்சு நகரும். அவசரம் என்றால் 2023இல் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது. வானம் மறையாத திறந்த வெளி வேண்டும், செலவும் தோட்டச் சம்பளத்துக்கு அதிகம். நான்கைந்து வீடு பங்கு போட்டாலும் சண்டை வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

300 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறேன். கேபிளில் கணினியை மாட்டிச் சோதித்தாலும் 94ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஜெலுத்தோங்

94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது, தம்பி. 100க்கு மேல் போகாத இணைப்பில் சோதனை அங்கேதான் நிற்கும். உங்கள் லேன் கேபிளில் எட்டுக் கம்பி உண்டு. ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மேலே “கேட் 5இ” அல்லது “கேட் 6” என்று அச்சிட்ட கேபிளை மாற்றுங்கள். அப்போதும் 94 என்றால் கணினியின் லேன் போர்ட் பழையதாக இருக்கக்கூடும். அதற்கும் பிறகு குறைந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் போடுவோம்.