மடியில் ஒரு பலகை

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கிறோம். பிள்ளை பிறந்த பிறகு என் கணினி மேசை இருந்த இடத்துக்குத் தொட்டில் வந்துவிட்டது. கணினியை ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்து, செற்றியில் இருந்தபடி கேம் விளையாடிப் பார்த்தேன். கீபோர்ட் மடியில், மவுஸ் செற்றிக் கையில். ஒரு கிழமையில் வலது தோள் போய்விட்டது. கீபோர்டையும் மவுஸையும் மடிமேல் வைக்க வெளிநாட்டில் லாப்போர்ட் என்று ஒரு பலகை விற்கிறார்களே, தருவிக்கலாமா? அல்லது கொன்ட்ரோலருக்கு மாறட்டுமா? நான் விளையாடுவது பெரும்பாலும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்தான். இலக்கியக் கேள்வி இல்லை, மன்னியுங்கள்.

த., வெள்ளவத்தை

அன்புள்ள த.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு உடனே பதில் தெரிந்தது இதற்கு மட்டும்தான்.

கொன்ட்ரோலரை விடுங்கள். பந்தாட்டத்துக்கும் கார் ஓட்டத்துக்கும் அது நல்லது. உங்கள் கேமில் ஐம்பது குடியானவர்களை வளைத்துப் பிடித்து மரம் வெட்ட அனுப்புவதற்கு மவுஸ் வேண்டும்.

தருவிக்கவும் வேண்டாம். லாப்போர்டைக் கணினிச் சாமானாக நினைப்பதால்தான் இந்தச் செலவு. என் கணக்கில் அது தளபாடம். கோர்சேர் கம்பனியின் லாப்டோக் என்ற லாப்போர்ட் அந்தக் கம்பனியின் கே65, கே70 கீபோர்டுகளுக்கென்றே அளவெடுத்து வந்தது. றோக்கட் சோவா என்ற இன்னொன்றில் கீபோர்ட் பலகையோடேயே பிணைந்திருக்கும்; நாலு கீ வேலை செய்யாவிட்டால் முழுப் பலகையையும் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டும். கடலுக்குக் கிட்ட வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஆளுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பார்த்துப் பழகத் தக்கது ஜெர்மன்காரரின் கவுச்மாஸ்டர். இரண்டு பக்கமும் தடித்த மெத்தை, குறுக்கே பலகை. பாரம் முழுவதும் மெத்தையில் இறங்கும், தொடையில் ஒன்றும் இல்லை. இது தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! அலுமாரி செய்து மிஞ்சிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டொன்றை அப்படியே மடியில் வைத்து விளையாடினேன். அரை மணித்தியாலத்தில் கால் விறைத்தது, சாரம் வியர்வையில் ஒட்டியது. இரண்டாவது மழைக்காலத்தில் பலகையின் ஓரம் ஊதி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே பிளைவூட். 9 மில்லிமீற்றர் தடிப்பு போதும். முழுக் கீபோர்ட் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளம். வலப்பக்க நம்பர் பட்டன்கள் இல்லாதது 36 அளவில் வரும். உங்கள் தோளைக் காப்பாற்றப்போவது அந்த 9 சென்ரிமீற்றர்தான், ஏனென்றால் மவுஸ் அவ்வளவு தூரம் உடம்புக்குக் கிட்ட வருகிறது. செற்றிக் கை எட்டத்திலும் இருக்கிறது, உயரத்திலும் இருக்கிறது. அதில் மவுஸை வைத்தால் தோள் தூக்கியபடியேதான் நிற்கும். மவுஸ் ஓட 25 சென்ரிமீற்றர் விடுங்கள். ஓரங்களுக்கும் கொஞ்சம் சேர்த்து மொத்தம் 65க்கு 30 என்று வெட்டினால் பலகை ஒரு கிலோ அளவில் நிற்கும். ஒற்றைச் செற்றியின் இரு கைகளுக்கு நடுவில் இது இறங்காது, நீளச் செற்றி வேண்டும். தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்குங்கள்; கை நிற்கும் உயரம்தான் பலகையின் உயரம், அதற்கேற்ப இரண்டு பக்கமும் மெத்தை வையுங்கள். பலகைக்கும் தொடைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் ஃபேன் காற்று உள்ளே போகும்.

மொறட்டுவைக்கெல்லாம் போக வேண்டாம். பக்கத்து ஒழுங்கையில் அலுமாரி செய்யும் பாஸ் ஒருவர் இருப்பார், அவரே வெட்டித் தருவார். வலது ஓரத்தில் மெல்லிய பீடிங் (மரச்சட்டம்) அடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை அழுது நீங்கள் எழும்பும் ஒவ்வொரு தடவையும் மவுஸ் நிலத்தில் விழாது. மினுங்கும் லாமினேற் ஒட்டினால் மவுஸ் தடுமாறலாம், துணி மவுஸ் பாட் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

பிள்ளை தவழத் தொடங்குமுன் வயர்லெஸ்ஸுக்கு மாறவேண்டி வரும். அப்போது மவுஸ் தத்தித் தத்தி ஓடினால் பலகையைத் திட்டாதீர்கள். யூஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க்குகளும் 2.4 கிகாஹேட்ஸில் ரேடியோ இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012இலேயே இதை விளக்கி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். கணினியின் முதுகில் கிடக்கும் அந்தச் சின்ன ரிசீவரை ஒரு நீட்டிப்பு வயரில் போட்டு ரீவிக்கு முன்னால் கொண்டுவாருங்கள், சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் மவுஸ் மந்தமாக இருந்தால் ரீவியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகூட்ட ரீவி எடுத்துக்கொள்ளும் நேரம் கையில் தெரியும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் விண்டோஸில் அளவைக் கூட்டுங்கள். முன்னுக்குக் குனிந்து வாசிக்கத் தொடங்கினால் செற்றியில் இருந்து என்ன பிரயோசனம்?

பாஸிடம் போவதற்கு முன் ஒரு வேலை. பிள்ளைக்கு வந்த சாமான் பெட்டி ஏதாவது வீட்டில் கிடக்கும். அதை 65க்கு 30 வெட்டி, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, ஒரு இரவு விளையாடிப் பாருங்கள். கை இடித்தால் நறுக்குங்கள், காணாவிட்டால் வேறு பெட்டி தேடுங்கள். அளவு சரிவந்ததும் அந்த அட்டையையே பாஸிடம் கொடுத்துவிடலாம்.