வெருலத்தில் தோட்டம் செய்ய இருக்கும் தங்கைக்கு: வணிகப் பயிற்சி பற்றி ஒரு பதில்

அன்புள்ள தங்கச்சி,

கிளிநொச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஓராண்டு ஆகிறது, புகலிடக் கோரிக்கைப் பத்திரம் கையில் இருக்கிறது, நகருக்கு வடக்கே உள்ள வெருலத்தில் ஒரு குடும்பம் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குத் தர முன்வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இளைஞர், பெண்கள், அகதிகள் ஆகியோருக்கென இலவசமாக நடக்கப்போகும் விவசாய வணிகத் திறன் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாளைக் கொடுப்பதா, அல்லது அந்த நேரத்தையும் தோட்டத்திலேயே செலவிடுவதா என்பது உங்கள் கேள்வி. போங்கள் என்பதே என் பதில். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். சான்றிதழுக்காகப் போனால் கடைசியில் மிஞ்சுவது சுவரில் மாட்ட ஒரு தாள்தான். இங்கே எந்த வியாபாரியும் அதைக் கேட்டுப் பார்த்து உங்கள் மரக்கறியை வாங்கப்போவதில்லை.

எட்டுப் பரப்பில், அதாவது அந்த அரை ஏக்கரில், மிளகாயும் கத்தரியும் எப்படிச் செய்வது என்பதை எவரும் உங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் சொந்தக் கிணறு, சொந்தக் காணி, வீட்டு ஆட்களின் உழைப்பு ஆகிய எல்லாம் கணக்கில் வராமலே ஓடியதால், கையில் வந்த காசெல்லாம் இலாபம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். குத்தகைக் காணியில் அந்தப் பழக்கம் இரண்டு போகத்துக்குள் ஆளைக் கடனாளியாக்கிவிடும்.

நான் அவ்வப்போது மொழிபெயர்ப்புக்கு உதவப் போகும் ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கொங்கோவிலிருந்து வந்த ஒரு பெண் கீரைக்கட்டு விற்றுவந்தார். ஒரு நாளில் நாற்பது கட்டு, கட்டு பத்து ரான்ட், ஆக 400 ரான்ட் வருகிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். பயிற்றுநர் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார்: விதையும் எருவும் 60, தண்ணீர் 30, பக்கி என்னும் சிறு சரக்கு வண்டிக்காரருக்குக் கொடுக்கும் பங்கு 80, கட்டும் நாரும் பையும் 15. மீதி 215 ரான்ட். அதற்குப் பிறகு அவர், பறிப்பது, கழுவுவது, கட்டுவது, சந்தையில் நிற்பது எல்லாவற்றுக்கும் எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்டார். ஒன்பது மணி நேரம். அப்படியானால் மணிக்கு 24 ரான்டுக்கும் குறைவு. 2025 மார்ச்சில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரான்டாக நிர்ணயிக்கப்பட்டது. பண்ணைத் தொழிலாளர்களுக்கும் அதே கூலிதான். தன் தோட்டத்தில் தானே வேலை செய்து, அடுத்தவர் தோட்டத்தில் கிடைப்பதிலும் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கீரையை விடவில்லை. இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பத் தொடங்கினார். சந்தையில் ஒருவர் மட்டும் முறைவைத்து நின்றார். ஒரு பயிற்சி இந்த ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால், மற்ற நாள்களில் நடக்கும் தன்னம்பிக்கைப் பேச்சுகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இத்தகைய வகுப்புகள் பலவற்றுக்கு, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பயன்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி நூல்களே அடிப்படை. நல்ல நூல்கள்தான், ஆனால் தையற்கடைக்காரரையும் பலசரக்குக் கடைக்காரரையும் உதாரணமாக வைத்து நடத்தப்பட்டால் விவசாயிக்கு அவற்றால் அரைப் பயன்தான். கடைக்காரருக்குத் தினமும் காசு வரும். தோட்டக்காரருக்கோ நடும்போது எல்லாக் காசும் போய், மூன்று மாதம் ஒன்றும் வராமல், பிறகு ஒரேயடியாக வந்து, அன்றைக்கு எல்லாரிடமும் தக்காளி இருப்பதால் விலையும் விழுந்துவிடும். ஆகவே எந்த மாதம் எவ்வளவு காசு வரும், போகும் என்ற காசோட்டக் கணக்கைப் பயிரின் பருவத்தோடு பொருத்திச் சொல்லிக்கொடுப்பார்களா, சந்தைக்கு நேரில் அழைத்துப்போவார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் தோட்டத்திலேயே நில்லுங்கள்.

சந்தை என்று சொன்னதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டர்பனின் கிளேர்வூட் பகுதியில் உள்ள மாநகராட்சியின் மொத்தச் சந்தையில் நீங்கள் நேரடியாக விற்க மாட்டீர்கள். முகவர் உங்கள் பெயரில் விற்றுக் கொடுப்பார். இந்த நாட்டின் பெரிய சந்தைகளில் சந்தைக்கு 5 வீதமும் முகவருக்கு 7.5 வீதமும் பிடிப்பது பொதுவான வழக்கம். 1,000 ரான்டுக்கு விற்றால் 875 ரான்டுதான் உங்கள் கணக்கு, அதிலும் வண்டிக்கூலி தனி. யாழ்ப்பாணச் சந்தைகளில் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று பிடிப்பதைப் பற்றி நம் ஆட்கள் காலங்காலமாகச் சண்டை பிடிப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே பிடிப்பது அதிலும் கூடவாக இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு: 1992ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் முகவர் சட்டப்படி முகவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், விற்ற காசைத் தன் காசோடு கலக்காமல் பிறர் காசை வைப்பதற்கென்றே உள்ள தனி அறக்கணக்கில் (trust account) வைக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தரம் பிரித்து, ஒரே அளவாக அடுக்கி அனுப்பும் பெட்டிக்குத்தான் நல்ல விலை. மேலே நல்லதும் கீழே சொத்தையும் வைத்து அனுப்புபவரின் பெயர் ஒரு வாரத்தில் அடிபட்டுவிடும்.

சிறு அளவுக்கு டர்பன் நகரின் வார்விக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தை பொருத்தமானது. 1860இல் துரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்கள் தொடங்கி, 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி விளைவித்து இந்த நகரத்துக்கே சோறும் கறியும் போட்டார்கள். அந்த மரபில் வந்த சந்தை அது. 2009இல் அதை இடித்துப் பேரங்காடி கட்ட மாநகராட்சி முயன்றபோது வியாபாரிகள் போராடித் தடுத்தார்கள். உங்களைப் போன்ற ஒருவர் அங்கே போய் ஒரு காலை முழுவதும் சும்மா நின்று, யார் எதை எந்த அளவில் கட்டி விற்கிறார்கள் என்று பார்ப்பது, வகுப்பில் உட்காரும் ஒரு வாரத்துக்குச் சமம் என்பது என் எண்ணம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஸூலு மக்கள். வணக்கம் சொல்லவும் விலை பேசவும் அவர்கள் மொழியில் சில சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். இங்கு பிறந்த நம் தமிழ்க் குடும்பங்கள் வீட்டிலும் ஆங்கிலமே பேசுவதால் தமிழை நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

உங்கள் பத்திரத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். புகலிடம் கோரியவர் தொழில் செய்யலாமா என்ற கேள்விக்கு 2014 செப்டெம்பரில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. லிம்போப்போ மாகாணத்தில் கடைகளை மூடிய அதிகாரிகளுக்கு எதிராகச் சோமாலியர் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், வேறு பிழைப்பு இல்லாத அகதிகளும் புகலிடம் கோருவோரும் சுயதொழில் செய்யவும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் 2020 ஜனவரியில் அகதிகள் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தபின், வேலை செய்யும் உரிமை பத்திரத்திலேயே குறிக்கப்பட வேண்டும் என்றாகிவிட்டதால், உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பயிற்சி நடத்துபவர்களிடம் சட்ட உதவிக்கு வழி கேளுங்கள். அகதிகளுக்கென்று வகுப்பு நடத்துபவர்கள் அதையும் அறிந்திருக்க வேண்டும். பத்திரம் காலாவதியானால் வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள். முகவர் அனுப்பும் காசு அங்கே சிக்கிக்கொண்டால் விதை வாங்கவும் வழியிராது, ஆகவே புதுப்பிக்கும் திகதியைப் பயிர் நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள்.

இளைஞர், பெண்கள், அகதிகள் என்று மூவரையும் ஒரே வரியில் சேர்த்து அழைப்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நிலமும் முதலும் இல்லை. ஆனால் அவன் குடிமகன் என்றால் தேசிய இளைஞர் வளர்ச்சி முகமையின் மானியத்துக்கு 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு வயது இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது, ஏனென்றால் அது குடிமக்களுக்கானது. பெண்களின் இடர் வேறு வகை. குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய நேரத்தில் வகுப்பு வைப்பார்கள். விற்ற காசு வீட்டுக்கு வந்ததும் அது யாருடைய காசு என்பதே தெரியாமல் போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லவில்லை. தோட்டத்துக்கென்று தனிக் கொப்பியும் தனிக் கணக்கும் வைத்து, உங்களுக்கு இவ்வளவு கூலி என்று எழுதி எடுத்துக்கொண்டு, மீதியைத் தொடாமல் இருப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். வகுப்பில் பெண்களைப் பார்த்தால் ஸ்டோக்வெல் தொடங்கலாமா என்று கேளுங்கள். நம் சீட்டுத்தான், பெயர்தான் வேறு. மானியம் கிடைக்காதவர்களுக்கு விதைக்கும் உரத்துக்கும் முதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அகதிகள் மட்டும் இருக்கும் வகுப்பைவிட இவ்வூர்ப் பெண்களும் கலந்திருக்கும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள். 2015 ஏப்ரலில் இந்த நகரத்தில் வெளிநாட்டவர்களின் கடைகள் தாக்கப்பட்டதை இங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. உதவியெல்லாம் வந்தேறிகளுக்கே போகிறது என்ற பேச்சு கிளம்பாமல் இருக்க, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்த பழக்கம் பெரிதும் உதவுகிறது. ஐந்து பேர் சேர்ந்தால் 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் கூட்டுறவு அமைக்கலாம். அதை முதல் ஆண்டிலேயே செய்யாதீர்கள், யார் அதிகாலையில் எழுந்து வருகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆற்றங்கரையோரம் என்றால் குத்தகை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1917இல் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது கரையோரத்தில் குடியிருந்த நம் தோட்டக்காரர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். படவட்டன் அறுவர் என்று இங்கே நினைவுகூரப்படும் தமிழ் மீனவர்கள் ஒரு படகில் போய் 176 பேரை மீட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணம் முழுவதும் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளக் காணியாக இருந்தால் முழுவதையும் ஒரே பயிரில் போடாதீர்கள், எந்த நிலையிலும் வாய்ப்பேச்சுக் குத்தகையை ஏற்காதீர்கள். எத்தனை ஆண்டு, தண்ணீர்க் கட்டணம் யாருடையது, இடையில் எழும்பச் சொன்னால் நிற்கும் பயிர் யாருடையது என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

ஊறுகாய் போட்டு விற்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இப்போதைக்கு வேண்டாம். பச்சை மரக்கறிக்கு மதிப்புக்கூட்டு வரி பூச்சியம், ஊறுகாய்க்கு 15 வீதம். அதோடு 2018ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி மாநகராட்சியிடமிருந்து சமைக்கும் இடத்துக்குத் தகுதிச் சான்று வேண்டும். வாடகை வீட்டின் குசினியில் அது சுலபமில்லை.

வகுப்பு பெப்ரவரியில் தொடங்கி மூன்று மாதம் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு வாய்ப்பான காலம். இங்கே மழை ஒக்டோபர் முதல் மார்ச் வரை, யூன், யூலை குளிர்காலம். உள்நாட்டில் உறைபனி விழும்போதும் வெருலம், டொங்காட் பக்கத்துக் கடற்கரை நிலத்தில் பனி விழுவதில்லை என்பதால் குளிர்காலத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நல்ல விலை கிடைக்க இடமுண்டு. அரை ஏக்கர் முழுவதையும் எடுக்காமல் கால் ஏக்கரை மட்டும் உழுவித்து, பெப்ரவரிக் கடைசியில் நாற்றுமேடை போட்டு, மார்ச், ஏப்ரலில் நடுங்கள். வகுப்பில் போடச் சொல்லும் வணிகத் திட்டத்துக்குக் கற்பனைத் தோட்டத்தை எழுதாமல் அந்தக் கால் ஏக்கரையே எழுதுங்கள். விதை வாங்கிய பற்றுச்சீட்டு முதல் எல்லாவற்றையும் பயிற்றுநரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். குத்தகைத் தாள் தயாரானதும் ஒப்பமிடும் முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.