மாணவர்களுக்கு வாக்குரிமை, குடியுரிமை வரலாற்றை மனதில் பதியும்படி நடத்துவது எப்படி?

வாக்களிக்கும் வயது, தகுதிகள் என்று ஆரம்பிக்காதீர்கள். அதை எழுதி வைத்துக்கொண்டு தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சமூக அறிவியல் நடத்தும் நான் முதலில் கேட்பது, "யாருக்கெல்லாம் வாக்கு மறுக்கப்பட்டது? எப்படி மறுத்தார்கள்?" என்றுதான்.

இதில் நான் அதிக நேரம் செலவிடுவது அமெரிக்கத் தென் மாநிலங்களைப் பற்றிப் பேச. இனம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே அங்கே 15வது சட்டத்திருத்தம் வந்துவிட்டது. ஆனால் 1890இல் மிசிசிப்பி மாநிலம் தன் அரசியலமைப்பில் ஒரு நிபந்தனை வைத்தது. வாக்காளராகப் பதிய வருபவர் அந்த அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது பிறர் படித்துக் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. கறுப்பின மக்களைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த அது போதுமானதாக இருந்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்த வேலிகள் உடைந்தன.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கடினமான சட்டப் பத்தி ஒன்றைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி பதில் சொன்னவர்களில் சிலருக்குத் தேர்ச்சி, சிலருக்குத் தோல்வி என்று காரணமே சொல்லாமல் அறிவியுங்கள். வகுப்பு கொதித்துவிடும். யார் தோற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். பாலினம், மதம் என்று எதையும் வைத்துப் பிரித்துவிடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. சில நிமிடங்களில் நிறுத்திவிட்டு, ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, அதன் பிறகு வரும் கேள்விகள்தான் உண்மையான பாடம்.

குடிமகனாக இருந்தாலே வாக்கு உண்டு என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1875இல் வர்ஜீனியா மைனர் என்ற பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் குடிமகள்தான், ஆனால் அதனாலேயே வாக்குரிமை வந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள். நியூசிலாந்திலோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்ற வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் வேறுபாடு தானாக விளங்கும்.

தடைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். உரிமையை வாங்கியவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் காட்டுங்கள். 1893இல் நியூசிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழிகளும் கிட்டத்தட்ட 32,000 பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டினார்கள். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்தில் விரித்துக் காட்டினார். அதே ஆண்டு நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது.

"நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள்?" என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சொல்லாதீர்கள். ரகசிய வாக்கெடுப்பு எதற்காக வந்தது என்பதை விளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.