பிரேக் லைட் மின்னினால் பின்னால் வருபவர் நின்றுவிடுவாரா?

இந்த முறை வந்த கடிதங்களில் பிக்அப் வண்டிகளின் பின்விளக்கு பற்றியவைதான் அதிகம். அதனால் வாகனக் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

ஐயா, வணக்கம். பிக்அப்பில் முள்ளு கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறேன். பொய்கை பக்கம் ஹைவேயில் நான் பிரேக் போட்டால், பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் கடைசி நேரத்தில்தான் ஒதுங்குகின்றன. பயமாக இருக்கிறது. பிரேக் மிதித்தால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுகிற ஒரு சின்ன மாட்யூலை ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன். அரை மணி நேர வேலைதான் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாட்டலாமா?
*பிக்அப் ஓட்டுநர், இலவம்பாடி*

தம்பி, மாட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு இருட்டினதும், லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டின நிலையில், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் நூறடி தள்ளிப் போய் நின்று பாருங்கள். பெரும்பாலான பிக்அப்களில் பின்விளக்குக்கு ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். இரவில் சும்மா எரிவது 5 வாட், பிரேக்குக்கு எரிவது 21 வாட். நாலு மடங்குக்கு மேல். அதனால் மிதித்த உடனே வெளிச்சம் குபீரென்று ஏறுவது நூறடியில் சந்தேகமில்லாமல் தெரியணும். தெரியவில்லை என்றால் மாட்யூல் போட்டும் பயனில்லை, அந்த மங்கல் வெளிச்சம்தான் மின்னப்போகிறது.

மங்கலாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். தோட்டத்து மண் கண்ணாடியில் அப்பி, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து ஒரு தோல் மாதிரி ஆகிவிட்டிருக்கும். லைட் உடையக் கூடாது என்று இரும்பு ஜாலி வெல்டிங் பண்ணி வைத்திருப்பார்கள், அதுவே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். தார்ப்பாயின் முனை காற்றில் தொங்கி ஒரு பக்க விளக்கை மூடியிருக்கும். லாரிக்கான 24 வோல்ட் பல்பை அவசரத்துக்கு வாங்கி 12 வோல்ட் பிக்அப்பில் மாட்டியிருப்பார்கள், அது அழுகிற மாதிரிதான் எரியும். இரண்டு இழை பல்பின் பக்கவாட்டு முள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி ஏற்றத்தாழ்வாக வைத்திருக்கிறார்கள். அதையும் அழுத்தித் திணித்து மாட்டியிருந்தால் டெயில் லைட்டுக்கு 21 வாட்டும் பிரேக்குக்கு 5 வாட்டுமாக எல்லாம் தலைகீழாகிவிடும். முதலில் இவற்றையெல்லாம் சரிபண்ணுங்கள். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

சரி, இப்போது அந்த மாட்யூலுக்கு வருவோம். பிரேக் சுவிட்சிலிருந்து பின்விளக்குக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் அதைக் கோர்ப்பார்கள். பெடலை மிதித்ததும் மூன்று நாலு தடவை விட்டு விட்டு எரியவைத்து, அப்புறம் நிலையாக எரியவிடும். சில மலிவான மாட்யூல்கள் கால் எடுக்கிற வரைக்கும் மின்னிக்கொண்டே இருக்கும். எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் என்னவென்றால், அந்த டப்பாவுக்குள் தண்ணீர் போனாலோ உள்ளே ஏதாவது கருகினாலோ உங்கள் வண்டிக்குப் பிரேக் லைட்டே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய்விடும். சீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. கம்பெனி கொடுத்த ஒரு நேரான ஒயரை வெட்டி, அதன் உயிரை ஒரு சின்ன டப்பாவிடம் ஒப்படைக்கிற வேலை இது, நான் சம்மதிக்கமாட்டேன்.

இழை பல்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. இழை சூடேறித்தான் வெளிச்சம் தரும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வேகமாக விட்டு விட்டு கரண்ட் கொடுத்தால் முழு வெளிச்சத்துக்கு வருவதற்குள் அணைந்துவிடும், மறுபடி ஏறும், மறுபடி அணையும். பின்னால் வருபவர் உங்களைக் கவனிக்க வேண்டிய அந்த முதல் விநாடியில்தான் உங்கள் விளக்கு அரைகுறையாக எரியும்.

மின்னுகிற விளக்கு கண்ணை இழுக்காதா என்று கேட்பீர்கள். இழுக்கும். 1974-இல் வெளியான ஓர் ஆய்வில், சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்பக்கம், வேகம் குறைவதற்கு ஏற்றபடி துடிக்கிற ஒரு மஞ்சள் விளக்கைப் பொருத்திப் பார்த்தார்கள்; பின்னால் வந்து மோதுவது 60.6 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு மின்னாமல் நிலையாக எரிகிற சிவப்பு விளக்கை உயரத்தில் வைத்தும் சோதித்தார்கள், அதிலும் நல்ல பலன் கிடைத்தது. அதனால் 1986 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கும் 1994 மாடலிலிருந்து பிக்அப் போன்ற சிறிய டிரக்குகளுக்கும் மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமானது. ஆனால் எல்லா வண்டியிலும் அது வந்து, கண்ணுக்குப் பழகினபிறகு, நீண்ட காலக் கணக்கில் நின்ற பலன் 4.3 சதவீதம். அதுவும் பெரிய பலன்தான், ஒரு சின்ன விளக்குக்கு அவ்வளவு மோதல் குறைகிறது என்றால் மாட்டத்தான் வேண்டும். ஆனால் புதுசாக இருக்கிறது என்பதால் கிடைக்கிற கவனம் நிலைக்காது. காட்பாடி ரோட்டு நெரிசலில் ஒவ்வொரு அடிக்கும் மின்னுகிற விளக்கு, புலி வருது கதையாகத்தான் முடியும்.

கார் கம்பெனிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். சில கார்களில் அவசர பிரேக் எச்சரிக்கை என்ற வசதி வருகிறது. அதற்கான சர்வதேச விதிப்படி, வண்டி 50 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும், கார் மற்றும் சிறிய சரக்கு வண்டி என்றால் வேகம் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் கணக்கில் குறைய வேண்டும், அப்போதுதான் மின்னலாம். அதாவது 80-இல் போகிற வண்டி நாலு விநாடிக்குள் நிற்கிற அளவுக்கு நீங்கள் பெடல் மேல் ஏறி நிற்கிற நிலைமை. சாதாரணமாகக் கால் வைத்தால் மின்னாது. உங்கள் மாட்யூலுக்கு வேகமும் தெரியாது, எவ்வளவு அழுத்தி மிதித்தீர்கள் என்பதும் தெரியாது.

அதனால் என் யோசனை: உயரத்தில் ஒரு மூன்றாவது பிரேக் லைட் போடுங்கள், மின்னாமல், நிலையாக எரிகிற சிவப்பு எல்.இ.டி. பட்டை விளக்கு. பிக்அப்பின் சொந்த விளக்குகள் பாடிக்குக் கீழே இருக்கும், பஸ் டிரைவர் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு உங்கள் லோடுதான் முதலில் தெரியும். கேபினின் முதுகில் மாட்டினால் மூட்டை மறைத்துவிடும், பாடியின் பின்பக்கச் சட்டத்தில் மேலே மாட்டுங்கள். பிரேக் ஒயரை வெட்டாமல் அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, கிளைக்குத் தனியாகச் சின்ன ஃபியூஸ் போட்டு, சேஸிஸ் ஓரமாக வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் கொண்டுபோங்கள். ஒயரைத் தோல் சீவி முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம், மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும். சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டச் சொல்லுங்கள். எர்த்துக்கு, அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போகிற இணைப்புக்கு, பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிகிற இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி மேலே கிரீஸ் தடவணும். இந்த விளக்கு என்றைக்காவது செத்தாலும் கீழே இருக்கிற இரண்டும் எப்போதும் போல எரியும்.

ஒன்று சொல்லணும். ஆன்லைன் வீடியோக்களைப் பார்த்து ஒயர் இணைக்காதீர்கள். அவற்றில் பல அமெரிக்க பிக்அப்களுக்கானவை, அங்கே நிறைய வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பு. நமக்கு இண்டிகேட்டர் தனி, மஞ்சள் நிறம், இணைப்பே வேறு.

என் வீட்டுக்காரர் குட்டி யானை ஓட்டுகிறார், தீப்பெட்டி பண்டல் ஏற்றுவார். இடது பக்கம் பிரேக் லைட் மங்கலாக எரிகிறது, பிரேக் மிதித்தால் அந்தப் பக்கத்து இண்டிகேட்டரும் லேசாகச் சேர்ந்து எரிகிறது. எல்.இ.டி. பல்பு போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
*குடியாத்தம் வாசகி*

இல்லை அம்மா, பல்பு மேல் தப்பில்லை. நீங்கள் எழுதியிருக்கிற அடையாளம் அப்படியே எர்த் போன அடையாளம். அந்தப் பக்கத்து விளக்குகள் எல்லாவற்றுக்கும் திரும்பிப் போகிற பாதை ஒரே எர்த் ஒயர்தான். அது துருப்பிடித்தால் பிரேக் கரண்ட் வேறு வழி தேடி இண்டிகேட்டர் இழை வழியாகப் போகும், அதனால்தான் அதுவும் மினுக்கென்று எரிகிறது. சோதிப்பது சுலபம். பல்பு மாட்டுகிற சாக்கெட்டின் உடம்பிலிருந்து ஒரு துண்டு ஒயரைச் சேஸிஸில் சுத்தமான இரும்பில் வைத்துப் பாருங்கள். பிரேக் லைட் பளிச்சென்று ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. எர்த் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) வைத்து இறுக்கினால் போதும்.

எல்.இ.டி. போட்டால் அதற்குத் தேவையான கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் அந்த மோசமான எர்த்திலும் எரிந்துவிடும், நோய் மறைந்துதான் போகும், தீராது. ஆனால் எர்த்தைச் சரிபண்ணினபிறகு எல்.இ.டி. பிரேக் பல்பு போடுவதை நான் ஆதரிக்கிறேன். இழை பல்பைவிட ஏறக்குறைய 0.2 விநாடி முன்னாலேயே முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிற வண்டி அந்த நேரத்துக்குள் 4 மீட்டருக்கு மேல் ஓடிவிடும், அந்தத் தூரம் உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யே வாங்குங்கள், வெள்ளை வாங்கினால் அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். டெயில், பிரேக் இரண்டுக்கும் தனித்தனி முனை இருக்கிற பல்பா என்று கேட்டு வாங்குங்கள்.

ஷூ கம்பெனி வேலைக்கு ஸ்கூட்டியில் போகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது முன்னால் போகிற சில பிக்அப்களில் பின்விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, சிலதில் சிவப்பும் நீலமுமாக. கண் கூசி, நிற்கிறார்களா திரும்புகிறார்களா என்றே தெரியவில்லை.
*வாசகி, ஆம்பூர்*

உங்கள் கடிதத்தை மேலே எழுதியிருக்கிற இலவம்பாடி தம்பியும் படிக்கவேண்டும் என்பதற்காகவே சேர்த்தேன். இருட்டில் படபடக்கிற விளக்கு கண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்ற கணக்கைக் குழப்பிவிடும். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவது போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரப் பணி வண்டிகளுக்கானது, சரக்கு வண்டிக்கு அது கிடையாது. அப்படி ஒரு வண்டி முன்னால் வந்தால் விளக்கையே பார்க்காமல் ரோட்டோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதிலிருந்து நீங்கள் அதைத் தாண்ட இரண்டு விநாடியாவது ஆகணும், இரவிலும் மழையிலும் நாலு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிக்அப், அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்றுப் பரிசோதனை) வருகிறது. மின்னுகிற பிரேக் லைட் ஏற்கெனவே மாட்டியிருக்கிறேன். கழற்றணுமா?
*ராணிப்பேட்டை வாசகர்*

கழற்றுங்கள், எஃப்.சி. முடிந்ததும் திரும்ப மாட்டவும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, நிறுத்த விளக்கு சிவப்பாக இருக்கவேண்டும், பெடலை மிதிக்கும்போது எரியவேண்டும் என்கிறது. வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட விதிக்கலாம். அதைவிட, பின்னால் ஒருவர் மோதி வழக்கு என்று வந்தால், உங்கள் விளக்கு மின்னியதால்தான் குழம்பினேன் என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. இருக்கிறது, அந்தச் சாக்கில் பின்பக்கத்து சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரையும் பாருங்கள். உரிந்திருந்தால் புதிது ஒட்டுங்கள். பல்பு செத்த இரவில் பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் வெளிச்சத்திலேயே உங்கள் வண்டியைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

நீளமான பி.வி.சி. பைப் ஏற்றும்போது பின் டோரைத் தொங்கவிட்டு ஓட்டுகிறேன். பைப் முனையில் மின்னுகிற சிவப்பு விளக்கு கட்டினால் போதுமா?
*ஆரணி வாசகர்*

போதாது. தொங்குகிற டோர் பல பிக்அப்களில் கீழே இருக்கிற இரண்டு பின்விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் சேர்த்து மறைத்துவிடும், இண்டிகேட்டர் உட்பட. நீங்கள் திரும்புவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. பாடிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்குகிற செலவும் உங்களுடையது. பைப்பைப் பாடி நீளத்துக்கு அறுத்துத் தரச் சொல்லி சாக்கெட் வைத்து இணைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான வேலைக்கு அது ஒத்துவரும். அறுக்க முடியாத சரக்கு என்றால் அந்த ஒரு நடைக்கு நீளமான பாடி உள்ள வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள்.