எஸ்.டி. என்ற இரண்டெழுத்து

கேள்வி: ஆங்கிலத்தில் தேதி எழுதும்போது 1-க்குப் பக்கத்தில் குட்டியாக எஸ்.டி. என்று போடுகிறோம். அதே இரண்டெழுத்து புனிதர் பெயருக்கு முன்னாலும் தெருப் பெயருக்குப் பின்னாலும் வருகிறது. மூன்றும் ஒன்றுதானா? 11-க்கு மட்டும் ஏன் அதைப் போடுவதில்லை?

பதில்: ஒன்றே இல்லை. மூன்றும் வேறு வேறு ஊற்றிலிருந்து வந்தவை, எழுதும்போதுதான் ஒரே மாதிரி தெரிகின்றன.

1-க்குப் பக்கத்தில் இருப்பது 'ஃபர்ஸ்ட்' என்ற சொல்லின் வால். 'ஃபோர்' என்றால் முன். 'டாலஸ்ட்', 'ஓல்டஸ்ட்' என்றெல்லாம் வருகிறதே, 'மிக' என்று பொருள் தரும் அந்த விகுதி, அதை 'முன்' என்பதோடு, ஆங்கிலம் தனி மொழியாகப் பிரிவதற்கு முன்பே, சேர்த்ததில் பிறந்ததுதான் இது: எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது. அதில் 'ஒன்' என்ற எண்ணே இல்லை, பாருங்கள். தமிழிலும் அப்படித்தானே? இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணை வைத்தே சொல்லிக்கொண்டு போகிற நாம் ஆரம்பத்தில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டு 'முதல்' என்கிறோம். ஒட்டுறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான். ஜெர்மன் மொழியில் இதே வேரில் பிறந்த 'ஃப்யூர்ஸ்ட்' என்ற சொல்லுக்கு இளவரசன், சிற்றரசன் என்று பொருள். மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவன்!

சரி, 11-க்கு வருவோம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'லெவன்த்'. ஃபர்ஸ்ட் எங்கேயும் கேட்கவில்லை, அதனால் அங்கே டி.எச்.தான். 21-ஐச் சொன்னால் 'ட்வென்டி ஃபர்ஸ்ட்', உடனே எஸ்.டி. வந்துவிடுகிறது. எண்ணைப் பார்க்காதீர்கள், சொல்லின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள், தப்பே வராது. 2-க்கு என்.டி. வருவதும் இப்படித்தான், ஆனால் 'செகண்ட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அல்ல, 'பின்தொடர்வது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன்னால் இரண்டாவது என்பதற்கு 'அதர்', அதாவது 'மற்றது', என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புனிதருக்கு முன்னால் வருவது 'செயின்ட்', லத்தீனில் 'சாங்க்டுஸ்', புனிதமாக்கப்பட்ட என்று பொருள். தெருவுக்குப் பின்னால் வருவது 'ஸ்ட்ரீட்', அதுவும் லத்தீன்தான், 'ஸ்ட்ராடா', கல் பாவிய சாலை. ரோமானியர் போட்ட சாலைகளோடு சேர்ந்தே பரவிய சொல் இது. ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊர்ப்பெயரில்கூட இது ஒளிந்திருக்கிறது: அந்தச் சாலை ஆற்றைக் கடக்கும் ஆழமில்லாத துறை.

அப்புறம் நீங்கள் கேட்காத நாலாவது ஒன்றும் உண்டு. பிரிட்டனில் உடல் எடைக்குப் பின்னால் எஸ்.டி. என்று இருந்தால் அது 'ஸ்டோன்', 14 பவுண்டு, ஏறக்குறைய 6.35 கிலோ.

லண்டனில் 'செயின்ட் ஜான் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு இருக்கிறது. அதைச் சுருக்கி எழுதினால் ஜானுக்கு முன்னாலும் எஸ்.டி., பின்னாலும் எஸ்.டி. யாரும் குழம்புவதில்லை, இடமே பொருளைச் சொல்லிவிடுகிறது. செயின்ட்டைச் சுருக்கும்போது புள்ளி வைக்கலாமா என்றால், அமெரிக்கர்கள் வைப்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் வைப்பதில்லை.